சி.டி. ஸ்லிப்பில் இன்னும் ஒரு வரி

அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இரவு டூட்டி பார்க்கும் பயிற்சி மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் இரவு இரண்டேகால் மணிக்கு என் மேசைக்கு வந்த ஸ்கேன் ஸ்லிப்பில் மூன்றே வார்த்தைகள் இருந்தன: "சி.டி. பிரெய்ன் பிளெயின்." அதாவது, கான்ட்ராஸ்ட் மருந்து போடாமல் எடுக்கும் தலை ஸ்கேன். மேலே நோயாளியின் பெயர், வயது 71. கீழே யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு கையெழுத்து. நோயாளியின் விவரம் எழுதுவதற்காக அச்சடித்து விட்டிருந்த இடத்தில் நீளமாக ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

இருபத்திரண்டு வருடமாக அரசு மருத்துவமனைகளில் ரேடியாலஜிஸ்டாக, ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவராக, இருக்கிறேன். உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. ஒரு கையில் தையல், மறு கையில் போலீசுக்கு அனுப்ப வேண்டிய தகவல், வாசலில் அடுத்த 108 வண்டி. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், நானும் அப்படிக் கோடு போட்டவன்தான். நேரில் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் அந்த மாதத்து பேட்ச் கேட்டுக்கொள்கிறது. அடுத்த மாதம் போஸ்டிங் மாறிவிடுகிறது, கோடு திரும்ப வந்துவிடுகிறது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஸ்லிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கேன் அறை எங்கே என்று தேடி ஓடுவது நோயாளியின் மகனோ மருமகளோதான். அவர்களும் இதைப் படிக்கட்டும். நீங்கள் எழுத மறந்ததை அவர்கள் வாயால் சொன்னாலும் எனக்குப் போதும்.

அன்றைய ஸ்லிப்புக்கு வருகிறேன். படங்கள் திரைக்கு வந்தன. தலைக்குள் புதிய ரத்தக்கசிவு இருந்தால் வெள்ளையாகத் தெரியும். எங்கும் வெள்ளை இல்லை. மூளையின் நடுக்கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. 'நார்மல்' என்று அடிக்க விரல் போய்விட்டது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. எழுபது தாண்டியவர்களின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும், மடிப்புகளுக்கு நடுவே பள்ளங்கள் அகன்றிருக்கும். இந்த அம்மாவின் மூளையோ இருபது வயதுப் பெண்ணுடையதைப் போல நெருக்கமாக, பள்ளமே தெரியாமல் இருந்தது. எழுந்து வெளியே போய் மகளிடம் கேட்டேன்.

"பத்து நாளா தலைவலி சார். நேத்துலேருந்து பேச்சு குழறுது."

விழுந்தார்களா?

"இப்ப விழல சார். மூணு வாரம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கினாங்க. அப்ப ஒண்ணும் ஆகல. வால்வு ஆபரேஷன் பண்ணவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க."

திரும்ப வந்து படத்தின் விண்டோவை, அதாவது திரையில் காட்டும் சாம்பல் நிறங்களின் வீச்சை, மாற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, மூளையின் நிறத்திலேயே ஒரு படலம். சப்டியூரல் ரத்தக்கட்டு. புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி.யில் வெள்ளை. நாளாக ஆக அது கரைந்து மங்கும். இரண்டு மூன்று வாரம் ஆகும்போது ஒரு கட்டத்தில் மூளையும் அதுவும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பிறகு இன்னும் கறுக்கும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மூளையைத் தள்ளும், நடுக்கோடு நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் அந்தத் தடயமும் இல்லை. மாத்திரையின் வீரியத்தை முறித்துவிட்டு நியூரோ சர்ஜரியில் துளை போட்டு வடித்தார்கள். அந்த அம்மா இப்போது நன்றாகப் பேசுகிறார்.

நான் கெட்டிக்காரன் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அன்று எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கம் வந்திருந்தால் 'நார்மல்' என்றே போயிருக்கும். "மூன்று வாரம் முன் விழுந்தார், வார்ஃபரின் சாப்பிடுகிறார்" என்று ஸ்லிப்பில் இருந்திருந்தால் எனக்கு உறுத்தலே தேவைப்பட்டிருக்காது. படம் வரும் முன்பே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

சி.டி. படத்தைப் பற்றி வார்டில் ஒரு நம்பிக்கை உண்டு. படம் எடுத்துவிட்டால் உண்மை வெளியே வந்துவிடும், நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று. அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது? எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வருகிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் உணரிகள் ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உடலைத் தாண்டி வந்தது என்று அளக்கின்றன. அந்த அளவுகளை எல்லாம் வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போட்டு, உடலின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 100 அளவில். மூளை 30, 40 வாக்கில். உறைந்த புது ரத்தம் 60, 70 அளவில். எலும்பு பல நூறைத் தாண்டி ஆயிரத்துக்கும் மேல் போகும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 'கட்டி', 'சீழ்', 'ரத்தம்' என்ற பெயர்களை நாம்தான் வைக்கிறோம். இரண்டாயிரம் படி சாம்பல் நிறங்களைக் கண்ணால் பிரிக்க முடியாது என்பதால் அதில் ஒரு துண்டை மட்டும் விரித்துக் காட்டுகிறோம். அதுதான் விண்டோ. மூளைக்கென்று வைத்திருக்கும் வழக்கமான விண்டோ ஏறத்தாழ 0 முதல் 80 வரை. எலும்பை ஒட்டி மெல்லிய படலமாகப் படிந்த ரத்தம் அதில் எலும்பின் வெள்ளையோடு கலந்து மறைந்துவிடும். வேண்டுமென்று அகலமான விண்டோவுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். வேண்டுமென்று போக ஒரு காரணம் வேண்டும். காரணம் உங்கள் பேனாவில் இருக்கிறது.

சி.டி. எடுத்த உலகின் முதல் நோயாளிக்கே அப்படித்தான். இந்தக் கருவியை உருவாக்கியவர் பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. அவர் ஆய்வகத்தில் முதலில் எடுத்த படத்துக்கு ஒன்பது நாள் பிடித்தது, கம்ப்யூட்டர் கணக்குக்கு மட்டும் தனியாக இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில், விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையைப் படமெடுத்தார்கள். அவர் வழியில் போனவர் இல்லை. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஏற்கனவே சந்தேகப்பட்டிருந்தார்கள். ரேடியாலஜிஸ்ட் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் அந்தச் சந்தேகத்தோடுதான் படத்தைப் பார்த்தார். 80-க்கு 80 கட்டங்கள் கொண்ட அந்தக் கரடுமுரடான படத்தில் வட்டமாக, கறுப்பாக ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. இன்றைக்கு உங்கள் போன் கேமரா எடுக்கும் படத்தின் ஒரு மூலைகூட அதைவிடத் தெளிவு. எட்டே வருடத்தில், 1979-ல், ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் இதன் கணிதத்தைத் தனியாகக் கண்டுபிடித்த ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கேள்வி தெளிவாக இருந்தால் 80-க்கு 80 போதும் என்பதற்காகத்தான் இந்தக் கதை.

ஸ்லிப்பில் ஒரு வரி குறைந்தால் ரிப்போர்ட் மட்டும் கெட்டுப்போவதில்லை. எடுக்கும் படமே தப்பான படமாகிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை. சி.டி. என்பது ஒரு பரிசோதனை இல்லை, ஒரே கருவியில் செய்யும் இருபது பரிசோதனைகள். சிறுநீரகக் கல்லைத் தேடினால் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்ட ஊசியில் செலுத்தும் மருந்து) போடக் கூடாது, மருந்தும் வெள்ளை, கல்லும் வெள்ளை. ரத்தக்குழாய் அடைப்பைத் தேடினால் மருந்து போட்டே ஆக வேண்டும். போட்ட பிறகும் நேரம் முக்கியம். மருந்து கையிலிருந்து இதயம் போய், முதலில் நுரையீரல் தமனிக்கும் அப்புறம் மகாதமனிக்கும் போகிறது. நடுவே சில நொடிதான் வித்தியாசம். வயிற்றுத் தமனிகளைப் பார்க்க ஊசி போட்ட 25, 30 நொடியில் எடுக்க வேண்டும். கல்லீரலைப் பார்க்க 70 நொடி வரை காத்திருக்க வேண்டும். "மூச்சுத்திணறல், சி.டி. செஸ்ட்" என்று மட்டும் எழுதினால் டெக்னீஷியன் மருந்தில்லாமல் ஒரு படம் எடுத்து அனுப்புவார். நுரையீரல் தமனியில் விரல் பருமனுக்கு ரத்தக்கட்டி கிடந்தாலும் அந்தப் படத்தில் அநேகமாகத் தெரியாது.

இங்கே எனக்கு ஒரு கடன் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, வேறு ஊரில், வேறு மருத்துவமனையில். அறுபத்து நாலு வயதுக்காரர். ஸ்லிப்பில் "வயிற்று வலி. சி.டி. அப்டமன் பிளெயின்." எடுத்தார்கள். கல் இல்லை, குடல் அடைப்பு இல்லை, குடல் ஓட்டையாகிக் காற்று வெளியே வந்த அடையாளமும் இல்லை. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மதியம் வயிறு பலகையாக இறுகிவிட்டது. திறந்து பார்த்தபோது சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்திருந்தது. அவர் பிழைக்கவில்லை. பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது: நாடி ஒழுங்கில்லை, ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்து, உள்ளே ரத்தம் உறையக்கூடிய நிலை). அடுத்த வரி: வலி தாங்காமல் கத்துகிறார், ஆனால் வயிறு மிருதுவாக இருக்கிறது. குடலுக்குப் போகும் தமனியில் ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கிறது என்று இறுதியாண்டு மாணவன்கூடச் சொல்லிவிடும் வரிகள் அவை. அந்த இரண்டு வரியும் கேஸ் ஷீட்டில் இருந்தன, ஸ்லிப்பில் இல்லை. இருந்திருந்தால் கான்ட்ராஸ்ட் போட்டுத் தமனிப் படம் எடுத்திருப்போம். எழுதிய மருத்துவர் நோயாளியை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். போன் போட்டுக் கேட்காதது என் தப்பு. அன்றிலிருந்து வெறும் ஸ்லிப் வந்தால் இன்டர்காமை எடுத்துவிடுகிறேன். நள்ளிரவில் அவசரப் பிரிவின் இன்டர்காமை யாரும் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இதோடு ஒட்டிய ஒரு சின்ன விஷயம். ரத்தக்குழாய் பார்க்கும் ஸ்கேனுக்கு மருந்தை நொடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் இயந்திரம் செலுத்தும். புறங்கையில் நீல நிற வென்ஃப்ளானோடு (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய், நீலம் மெல்லியது) அனுப்பினால் அது தாங்காது, மருந்து தோலுக்கடியில் போய் வீங்கிவிடும். முழங்கை மடிப்பில் பச்சையோ, குறைந்தபட்சம் பிங்க்கோ போட்டு அனுப்புங்கள். சிறுநீரகம் மருந்தைத் தாங்குமா என்று பார்க்கும் கிரியாட்டினின் ரிசல்ட் வரட்டும் என்று பக்கவாத நோயாளியையும், மகாதமனி கிழிந்திருக்குமோ என்று சந்தேகிக்கும் நோயாளியையும் காத்திருக்க வைக்காதீர்கள். அங்கே நேரம் போவதுதான் பெரிய ஆபத்து.

பக்கவாதத்துக்கு வருவோம். நம் இரவுகளில் பாதி அதுதானே. "ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்று கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் சி.டி.யிடம் நாம் கேட்பது ஒரே கேள்வி: ரத்தக்கசிவா, இல்லையா? எவ்வளவு அனுபவம் இருந்தாலும் சோதித்துப் பார்த்தே அடைப்பையும் கசிவையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. கசிவென்றால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்பென்றால் முதல் சில மணி நேரம் மூளை பெரும்பாலும் சாதாரணமாகவே தெரியும். அப்படித் தெரிகிற படம்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழி திறக்கிறது, அதுவும் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள். அதனால் ஸ்லிப்பில் எனக்கு வேண்டியது 'இடது பக்க பக்கவாதம்' என்பதோடு கூட இன்னொரு எண்: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? "காலையில் எழும்போதே இப்படி" என்றால் இரவு படுக்கப் போன நேரம். வலது கை வரவில்லை என்று தெரிந்தால் மூளையின் இடது பக்கத்தை இன்னும் இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பேன். சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலான கோடு லேசாக அழிந்திருப்பதும், ஒரு தமனி மட்டும் வெள்ளைக் கம்பி போலத் தெரிவதும் அப்படிப் பார்த்தால்தான் பிடிபடும்.

இதில் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஸ்கேன் நார்மல்" என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. கை கால் வராமல் கொண்டுவந்த அப்பாவை, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன குடும்பம் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் திரும்ப வந்தார்கள். அந்தப் படத்தில் மூளையின் ஒரு பாதி கறுத்திருந்தது. அதேபோல தலைசுற்றல், வாந்தி, நடை தள்ளாட்டம். பின்மூளையைச் சுற்றி எலும்பு தடிமன். அதன் நிழல்கோடுகள் படத்தில் குறுக்கே விழும், சிறுமூளை அடைப்பு சி.டி.யில் எளிதில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நாங்கள் எழுதுவது பணம் பறிக்க இல்லை.

பிரசவமான பெண்ணின் தலைவலியும் அப்படி. ஸ்லிப்பில் "தலைவலி, ஒரு முறை வலிப்பு, வயது 24" என்று இருக்கும். பிரசவமாகிப் பன்னிரண்டு நாள் என்பது இருக்காது. பச்சை உடம்பு என்று சொல்லித் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. பிரசவத்தையொட்டி ரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது, அதோடு நீர்ச்சத்தும் குறைந்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். சாதாரணப் படத்தில் அது தெரியலாம், தெரியாமலும் போகலாம். 'பிரசவம்' என்ற ஒரு வார்த்தை இருந்தால் சிரைகளைப் பார்க்கும் சி.டி. வீனோகிராம் அப்போதே எடுத்துவிடலாம், ஸ்ட்ரெச்சரை இரண்டாம் முறை தள்ள வேண்டாம்.

படமும், படுக்கையருகே நோயாளியைப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் நோயறிதல் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. எந்த வெளிநாட்டுப் பாடநூலை விடவும் எனக்குப் பிடித்த உதாரணம் அதுதான். வலிப்போடு வரும் இளைஞனின் மூளையில், கான்ட்ராஸ்ட் போட்டால் மோதிரம் போல ஒளிரும் சிறு முடிச்சு ஒன்று. நம் நாட்டில் அன்றாடக் காட்சி. சி.டி. பரவத் தொடங்கிய காலத்தில் இதைப் பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி உள்ளிட்டோர் திசுவை எடுத்துப் பார்த்தபோது, இவற்றில் பல நாடாப்புழுவின் இளம்பருவம் மூளைக்குள் செத்துக்கொண்டிருப்பதால் வரும் வீக்கம் என்று தெரிந்தது. பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும் வகை. (பன்றிக்கறி தொடாதவர்களுக்கும் இது வரும். புழுவின் முட்டை ஒட்டிய பச்சைக் காய், தண்ணீர் வழியாகத்தான் மனிதருக்கு ஏறுகிறது.) காசநோய்க் கட்டியிலிருந்து இதைப் பிரிக்க 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்த அளவுகோலைப் பாருங்கள். முடிச்சு 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், விளிம்பு ஒழுங்காக இருக்க வேண்டும், நடுக்கோட்டை நகர்த்தும் அளவுக்கு வீக்கம் கூடாது. இது பாதி, படத்திலிருந்து. மண்டைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி கூடாது, நாளுக்கு நாள் முற்றும் நரம்புக் குறைபாடு கூடாது, உடம்பில் வேறெங்கும் நோய் தீவிரமாக இருக்கக் கூடாது. இது மீதிப் பாதி, நோயாளியிடமிருந்து. இரண்டாவது பாதியை என் இருட்டறையில் உட்கார்ந்து நான் எங்கே போய்த் தேடுவேன்?

சில நேரம் அந்த ஒரு வரி ஸ்கேனே வேண்டாம் என்றும் சொல்லிவிடும். திண்ணையிலிருந்து விழுந்த நாலு வயதுப் பையனை "ஹெட் இன்ஜுரி, சி.டி. பிரெய்ன்" என்று அனுப்பினார்கள். வந்தவன் டெக்னீஷியனின் பேனாவைப் பிடுங்கிச் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தான். மயக்கம் இல்லை, வாந்தி இல்லை, கடும் தலைவலி இல்லை, மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்த அடையாளம் இல்லை, விழுந்தது இரண்டு அடி. வட அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2009-ல் வெளியான பெகார்ன் என்ற தலைக்காய ஆய்வு இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றித்தான் பேசுகிறது. இரண்டு வயதைத் தாண்டி, நினைவு தெளிவாக, மேலே சொன்ன எதுவும் இல்லாமல் இருந்தால் கவலைப்படும்படியான மூளைக்காயம் இருக்க வாய்ப்பு 2,000-ல் ஒன்றுக்கும் கீழே. அம்மாவிடம் எதெதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தோம். அம்மாவுக்கு என் மேல் திருப்தியில்லை. ஸ்கேன் எடுக்காத டாக்டர் என்று ஊரில் சொல்லியிருப்பார்.

கதிர்வீச்சுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்கு இல்லை. உலகில் ஒரு மனிதர் சராசரியாக ஒரு வருடத்தில் மண், வானம், உணவு வழியாக வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட். மணவாளக்குறிச்சி கடற்கரைப் பக்கம் மோனசைட் மணல் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். பெரியவர்களுக்கு ஒரு தலை சி.டி. சுமார் 2 மில்லிசீவர்ட். வயிறும் இடுப்பும் சேர்த்தால் 8 முதல் 10 வரை. அதையே மருந்தில்லாமல் ஒரு முறை, மருந்தோடு ஒரு முறை என்று காரணமில்லாமல் எடுத்தால் இரட்டிப்பு. மார்பு எக்ஸ்ரே 0.1-ஐத் தாண்டாது. 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா ஒரு சி.டி. 300, 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்றார். ரேடியாலஜி சங்கம் அது பழைய கருவிகளின் கணக்கு என்று மறுத்தது. எண்ணிக்கையில் சங்கத்தின் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் லேசான நோய்க்கு ஸ்கேன் எதற்கு என்று அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த மாதங்களில் காய்ச்சல் வந்த எல்லோரும், நுரையீரல் பாதிப்புக்கு சி.டி.யில் போடும் மதிப்பெண்ணை "25-க்கு எத்தனை சார்?" என்று பரீட்சை மார்க் போலக் கேட்டார்கள். விரலில் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணைச் சொல்லுங்கள் என்றால் அது தெரியாது.

சரி, நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாங்கள் ஒன்றைச் சந்தேகித்து எழுதினால் நீங்கள் அதை மட்டும் தேடி மற்றதை விட்டுவிட மாட்டீர்களா? நியாயமான கேள்வி. 2013-ல் டிராஃப்டன் டுரூ என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். நுரையீரல் சி.டி.யில் சிறு முடிச்சுகளைத் தேடச் சொல்லி 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கொடுத்தார்கள். கடைசிப் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள், சராசரி முடிச்சைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் கொரில்லாவைப் பார்க்கவில்லை. பலருடைய கண் அதன் மேலேயே போயிருக்கிறது, ஆனாலும் பதியவில்லை. என் இனத்தாரைப் பற்றி நான் பெருமைப்படும் ஆய்வு இல்லை அது. இதற்கு நான் கண்டுபிடித்த வழி: முதலில் ஸ்லிப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு தடவை பார்ப்பேன், அப்புறம் படித்துவிட்டு இன்னொரு தடவை. ஸ்லிப் வெறுமையாக இருந்தால் அந்த இரண்டாவது தடவை எனக்குக் கிடைப்பதில்லை.

எங்கள் பக்கத் தப்புகளையும் நான் மறைக்கப் போவதில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கீழும் "நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று முத்திரை குத்தியதுபோல் எழுதுகிறோம். பாதி நேரம் அது 'எனக்குத் தெரியவில்லை' என்பதன் மரியாதையான வடிவம். தெரியவில்லை என்றே எழுதலாம், அதைவிட உங்களை அழைத்துக் கேட்கலாம். உயிர் போகிற விஷயத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, யாரோ ஒருவர் வந்து வாங்கிப் போகட்டும் என்று வைத்திருக்கும் வழக்கமும் இருக்கிறது. இனி என் டூட்டியில் அப்படிப்பட்ட படம் வந்தால் ரிப்போர்ட்டுக்கு முன்னால் போன் வரும். அதற்காகத்தான் ஸ்லிப்பில் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் டூட்டி நம்பரையும் எழுதச் சொல்கிறேன்.

நான் கேட்பது கட்டுரை இல்லை. நேற்று ஒரு பயிற்சி மருத்துவர் எழுதி அனுப்பியதை அப்படியே சொல்கிறேன்: "58 வயது, ஆண். சர்க்கரை நோய், மெட்ஃபார்மின். இன்று மாலை 6.40 வரை நன்றாக இருந்தார். வலது கை, கால் வரவில்லை, பேச்சில்லை. ரத்தம் உறையாமைக்கு மருந்து எதுவும் இல்லை. கசிவா? இல்லையென்றால் ஊசி போட இருக்கிறோம்." எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும். டெக்னீஷியன் அதைப் படித்துவிட்டு, வரிசையில் இருந்த மூன்று பேரைத் தாண்டி அவரை உள்ளே எடுத்தார். 7.50-க்கு நான் போன் போட்டேன்.

அச்சடித்த ஸ்லிப்பில் இவ்வளவுக்கும் இடமில்லை என்று சிலர் சொல்கிறீர்கள், உண்மைதான். புது ஸ்லிப் அச்சடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன், அது வரும்போது வரட்டும். அதுவரைக்கும் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. நான் திருப்பிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கேன் அறையிலிருந்து ஒரு ரேடியாலஜிஸ்ட்